சன்கிஸ்ட் முகமும் அம்மாவின் கிரீம் டப்பாவும்

தைப்பூசத்திற்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. வானொலியில் என் காலை நிகழ்ச்சியில் பத்து நிமிடத்திற்கு ஓர் அழகுக் குறிப்புப் பகுதி உண்டு. அன்று என் முன்னால் இருந்த தாளில் தலைப்பு இப்படி இருந்தது: 'குளிர்காலத்திலும் சன்கிஸ்ட் தோற்றம்: முகத்துக்கும் கூந்தலுக்கும் எளிய வழிகள்.' வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்ததை யாரோ அவசரமாகத் தமிழாக்கி வைத்திருந்தார்கள்.

நானும் வாசித்தேன். குளிரில் வெளிறிப்போன சருமத்திற்கு, கடற்கரையில் ஒரு வாரம் விடுமுறை கழித்து வந்ததுபோன்ற பொன்னிறத்தை ஒப்பனையால் கொண்டுவரலாம் என்று அந்தத் தாள் சொன்னது. வாசிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பினாங்கில் குளிர்காலம் என்று ஒன்று இருந்தால் அது எங்கள் ஸ்டுடியோவின் ஏர்கோனுக்குக் கீழே மட்டும்தான். ஜனவரியும் பிப்ரவரியும் நம் தீவில் மழை குறைந்த மாதங்கள். கிழக்குக் கரையில் பருவமழை கொட்டும்போது நமக்கு வானம் பளிச்சென்று இருக்கும். காலை பத்து மணிக்கே லெபோ பாசாரில் தார்ச்சாலை கொதிக்கும்.

தொலைபேசி மணி அடித்தது. பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா. சாலையோரம் பூ விற்கிறவராம்.

"தங்கச்சி, வெயில் முத்தம் கொடுத்த மாதிரி முகம்னு சொன்னீங்களே, அது எந்த ஊர் வெயிலு? எங்க ஊர் வெயிலு அறையுதும்மா, முத்தமெல்லாம் கொடுக்கல!"

ஸ்டுடியோவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டேன். நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியை எடுத்தால் அம்மாவிடமிருந்து தவறிய அழைப்பு. அம்மா என் நிகழ்ச்சியை ஒரு நாளும் விட்டதில்லை.

"ஏம்மா, சன்கிஸ்ட்டுனா ஆரஞ்சுப் பழம்தானே? அத மூஞ்சில தேய்க்கணுமா?"

சீனப் புத்தாண்டு நெருங்கும் நேரம் வேறு, கடையெல்லாம் ஆரஞ்சு. அம்மாவுக்கு விளக்கம் சொன்னேன். வெள்ளைத் தோலை வெயிலில் காய்ந்த மாதிரி, கொஞ்சம் பழுப்பாக, கன்னத்தில் சிவப்போடு காட்டுகிற ஒப்பனை என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா சொன்னார்: "வெள்ளையா இருக்கறவங்க கறுப்பாகப் பூசறாங்க. நாம வெள்ளையாகப் பூசினோம். யாருக்கும் இருக்கறது போதலை போலிருக்கு."

அந்த 'நாம' என்ற சொல் அன்று முழுவதும் என்னை விடவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நிழலில் இருந்தவரும் வெயிலில் நின்றவரும்

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வெளிறிய தோல்தான் பெருமை. வயலில் உழைப்பவர் கறுத்தார். மாளிகைக்குள் இருந்தவர் வெளுத்தார். தொழிற்புரட்சிக்குப் பிறகு உழைப்பாளிகள் ஆலைக்குள் அடைந்தார்கள், வெயிலே படாமல் வெளுத்தார்கள். விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போக முடிந்தவர்கள் பழுப்பானார்கள். 1920களில் கோக்கோ ஷனெல் போன்ற பிரெஞ்சு நாகரிகப் பெயர்கள் வெயிலில் காய்ந்த மேனியோடு படங்களில் வரத் தொடங்கியதும், பழுப்பு நிறம் வசதியின் அடையாளமாகிவிட்டது. பனிக்காலத்தில் பழுப்பாக இருக்கிறாள் என்றால் வெயில் நாட்டுக்கு விமானச் சீட்டு வாங்க முடிந்தவள் என்று பொருள். அந்தச் சீட்டு வாங்க முடியாதவர்களுக்காக வந்ததுதான் பிரான்சர் என்கிற பழுப்புப் பவுடர்.

நம் கதை அந்தத் திருப்பத்தைப் பார்க்கவே இல்லை. என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்தவர். பால்மரக் காட்டிலாவது நிழல் இருக்கும். வெளிக்காட்டில் அதுவும் கிடையாது. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முகத்தில் அரிசியில் செய்த பெடாக் செஜுக். அது அழகுக்காக அல்ல, எரிச்சல் தாங்காமல். அந்தப் பாட்டிக்கு என் அம்மா மீது இருந்த ஒரே கவலை, "இவ வெயில்ல ஆடி ஆடிக் கறுத்துப் போறாளே, யாரு கட்டுவா?" என்பதுதான். கறுப்பு என்றால் கைகால் ஓயாத வேலை; வெளுப்பு என்றால் ஆபீஸ் நாற்காலி. அவர் கண்ணால் கண்ட கணக்கு அது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெயில் பட்டுப் பட்டு முடி நுனி பழுப்பேறிவிடும். "எண்ணெய் வைக்காம செம்பட்டையாத் திரியுது பாரு" என்று தலையில் ஒரு குட்டு விழும். அதே செம்பட்டைதான் இன்று சலூனில் பல நூறு வெள்ளி கொடுத்து, அரை நாள் உட்கார்ந்து போட்டுக்கொள்கிற 'சன்கிஸ்ட் ஹைலைட்ஸ்'. பாட்டி இருந்திருந்தால் ரசீதைப் பார்த்து மயங்கி விழுந்திருப்பார்.

இத்தனைக்கும் நம் பழந்தமிழ் இலக்கியம் வேறு கண்ணோடு பார்த்திருக்கிறது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை, மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்த துயரத்தில் அந்த நிறம் வெளிறிப் படர்வதற்குப் பெயர் பசலை. அதாவது, வெளுத்துப் போவதுதான் அங்கே நோய். கல்லூரியில் ஊடகவியல் படித்தபோது விளம்பரங்களை அலசும் பாடத்திற்கு இதை மேற்கோள் காட்டி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அதையெல்லாம் எழுதி வாங்கிய பட்டத்தோடு வெளியே வந்து நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

நூற்றைம்பது வெள்ளியும் இரண்டு டப்பாவும்

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. வானொலி வேலை கிடைக்காத காலம். கிடைக்கிற மேடையில் எல்லாம் அறிவிப்பு செய்துகொண்டிருந்தேன். தீபாவளிக்கு முன்னால் நடக்கும் ஒரு கார்னிவலில் கடைக்காரர்களுக்காக மைக் பிடிக்கும் வேலை வந்தது. சேலைக் கடை, முறுக்குக் கடை, மருதாணிக் கடை என்று ஒவ்வொன்றாகப் போய்க் கூவ வேண்டும். அதில் ஒரு கடையில் வெள்ளை மூடி போட்ட சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே மஞ்சள் கலந்த முத்து நிறத்தில் கிரீம். 'ஏழே நாளில் பளிச்' என்று ஒரு பதாகை.

"வாங்கக்கா, வாங்க! இந்தத் தீபாவளிக்கு உங்க வீட்டு விளக்கைவிட உங்க முகம்தான் பளிச்சுன்னு எரியும்!"

இந்த வசனம் நானே சொந்தமாக யோசித்தது. கூட்டம் கூடியது. அன்று அந்தக் கடையில்தான் சரக்கு முதலில் தீர்ந்தது. இரவு கடைக்காரர் என் கையில் நூற்றைம்பது வெள்ளியும், கூடவே இரண்டு டப்பாவும் கொடுத்தார். பணத்தைப் பைக்குள் வைத்தேன். டப்பாக்களை அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். அதுவரை முகத்துக்குப் பவுடரும் மஞ்சளும் தவிர வேறு எதுவும் தெரியாது. பத்து நாளில் நிறம் மாறியது, அது உண்மை. பக்கத்து வீட்டு அத்தை கேட்டார், பள்ளியில் டீச்சர்கள் கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் சொன்ன பதில் ஒன்றுதான்: "என் மக கொடுத்தது. அவதான் மைக்ல சொன்னா." இரண்டு டப்பா தீர்ந்ததும், கார்னிவலில் கிடைத்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்துத் தபாலில் வரவழைத்துக்கொண்டார். எனக்குத் தெரியவும் தெரியும். நான் தடுக்கவும் இல்லை. உள்ளதைச் சொன்னால், அம்மா அழகாகிவிட்டார் என்றே நானும் நினைத்தேன்.

ஒன்றரை ஆண்டு போனது. முதலில் அடுப்புக்கு முன்னால் நின்றால் முகம் எரிகிறது என்றார். பிறகு கன்ன எலும்பின் மேலும் நெற்றியிலும் சாம்பல் கலந்த கருந்திட்டுகள். அதை மறைக்க இன்னும் கொஞ்சம் கிரீம். ஒரு நாள் மாலை செருப்பைக் கழற்றும்போது பார்த்தேன். கணுக்கால் வீங்கி, வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. காலையில் கண்ணிமையும் வீங்கியிருந்தது. வயதாகிறது, நின்றுகொண்டே வேலை, உப்பு அதிகம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்தார்கள். புரதம் ஒழுகியது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம் டாக்டர், சீனப் பெண், கோப்பைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் புறங்கையைப் பார்த்தார். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்.

"ஆண்ட்டி, முகத்துக்கு என்ன போடறீங்க?"

"ஒண்ணுமில்ல, பவுடர்தான்" என்றார் அம்மா. ஏன் பொய் சொன்னார் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். உண்மையைச் சொன்னால் குற்றம் யார் தலையில் விழும் என்று அவர் யோசித்திருப்பார். நான்தான் சொன்னேன். மறுநாள் டப்பாவை எடுத்துப் போனோம். அதில் என்ன கலந்திருக்கிறது என்றோ, எங்கே தயாரானது என்றோ, எப்போது காலாவதி என்றோ ஒரு வரி இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு மைக்கில் கூவிய நான் ஒரு தடவைகூட அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

சோதனையில் அம்மாவின் சிறுநீரில் பாதரசம், இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது.

கண்ணாடியின் பின்னால் பூசுகிற ரசம்

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உடல் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதி வேலை செய்யச் செம்புச் சத்து வேண்டும். பாதரசம் அந்தச் செம்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தயாரிப்பையே நிறுத்திவிடுகிறது. அதனால்தான் அவ்வளவு வேகமாக நிறம் மாறுகிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் சேர்கிறது, நரம்பையும் தாக்கும். பூசுபவரோடும் முடிவதில்லை. துண்டு, தலையணை உறை, முத்தம் கொடுக்கும் குழந்தை என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.

இது ரகசியமான செய்தி ஒன்றும் இல்லை. அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்ப்பதை மலேசியா உட்பட ஆசியான் நாடுகள் தடை செய்திருக்கின்றன. 2013-இல் நாடுகள் கூடி ஏற்ற மினமாத்தா உடன்படிக்கை, 2020-க்குப் பிறகு பாதரசம் சேர்த்த சருமப் பூச்சுகளைத் தயாரிக்கவோ ஏற்றுமதி செய்யவோ கூடாது என்றது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் கலந்திருந்த அழகுப் பொருள்களின் பெயர்களைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிட்டுத் தடை செய்துகொண்டுதான் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய நம் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் வெள்ளையாக்கும் கிரீம்களைப் பற்றி எச்சரித்து வந்திருக்கிறது. எல்லாம் இருந்தும், அம்மா கேட்டது என் குரலைத்தான்.

பாதரசம் என்று டாக்டர் மலாயில் சொன்னது அம்மாவுக்குப் புரியவில்லை. நான் தமிழில் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணாடிக்குப் பின்னாடி பூசுவாங்களே, அந்த ரசமா? அதையா நான் முன்னாடி பூசிக்கிட்டேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கிரீமை நிறுத்தினார்கள். மருந்து, உப்புக் கட்டுப்பாடு, மாதா மாதம் சோதனை. சிறுநீரில் புரதம் நிற்க ஓராண்டுக்கு மேல் ஆனது. சரியான நேரத்தில் வந்தோம் என்றார் அந்த டாக்டர். முகத்தின் பழைய நிறம் திரும்ப இன்னும் அதிக நாள் பிடித்தது. இடது கன்னத்தில் ஒரு திட்டு மட்டும், ஐம்பது சென் காசு அளவில், இன்றும் இருக்கிறது.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வானொலியில் சேர்ந்தேன். நிறம் யாருக்கும் தெரியாத வேலை இது என்பதால் எனக்குள் ஒரு நிம்மதி இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 நோன்புப் பெருநாளுக்கு ஒரு கடைத்தொடர் வெளியிட்ட விளம்பரத்தில், ஒரு பெண் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு வந்து, அதைக் கழுவியதும் அழகியாகிவிடுவாள். நாடே கொதித்தது, மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்தார்கள். 2020-இல் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு கிளோ அண்ட் லவ்லி ஆனது. இரண்டு முறையும் நான் மைக்கின் முன்னால் காரசாரமாகப் பேசினேன். கார்னிவல் கதையை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சொன்னேன். அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான். "பேரு மட்டும் சொல்லாத. மத்ததெல்லாம் சொல்லு" என்றார். அந்தப் பத்து நிமிடப் பகுதி இருபது நிமிடம் ஓடியது. அன்று கேட்க முடியாதவர்களுக்காக, அதில் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் டப்பாவைத் திருப்புங்கள்

நம் நாட்டில் விற்கும் ஒவ்வோர் அழகுப் பொருளையும் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு எண் 'என்', 'ஓ', 'டி' என்ற எழுத்துகளில் தொடங்கி 'கே' என்று முடியும். விற்பவரிடம் அதைக் கேளுங்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எண்ணையோ பொருளின் பெயரையோ போட்டுத் தேடலாம். எண் இருந்தாலும் அது எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் ஆகாது. எண்ணே இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை. உள்ளடக்கப் பட்டியல், பொறுப்பான நிறுவனத்தின் பெயர், காலாவதித் தேதி மூன்றும் இல்லாத டப்பா இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தாலும் வேண்டாம். பட்டியலில் மெர்க்குரி, கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். 'ஏழு நாளில்' என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், நம்பாதீர்கள்.

நம் தோலுக்கு ஏற்ற வெயில் முகம்

இனி அந்த ஒப்பனைக்கு வருவோம். அதை ஒரேயடியாக வேண்டாமென்று தள்ள எனக்கு மனமில்லை. நம் நிறத்தில் வெயில் ஏற்கெனவே இருக்கிறது. அதை மறைக்காமல் ஏற்றிக் காட்டினால் போதும். வெள்ளைத் தோலுக்குப் பத்துப் படி தேவைப்படும் இடத்தில் நமக்கு நாலு படி போதும்.

முதல் படி சன்ஸ்கிரீன். கறுத்த தோலுக்குத் தேவையில்லை என்பது தவறு. மெலனின் ஓரளவுக்குக் காக்கும்; கருந்திட்டு விழுவதை அதனால் தடுக்க முடியாது. சொல்லப்போனால் திட்டு நம் தோலில்தான் ஆழமாகப் பதிந்து நாளாகி மறைகிறது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்திற்குப் பிதுக்கி, முகம் கழுத்து இரண்டுக்கும் பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் கலந்தவை நம் முகத்தில் சாம்பல் பூசியதுபோல் நிற்கும். அதற்குப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். பழுப்பு நிறம் சேர்த்த 'டின்டட்' வகையை வாங்குங்கள். அதில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடு, மங்கை வளர்க்கும் கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் தடுக்கும்.

இரண்டாவது, ஃபவுண்டேஷன். கடை விளக்கில் புறங்கையில் தேய்த்துப் பார்த்து வாங்காதீர்கள். தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, அஞ்சடிக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியில் பாருங்கள். கோடு காணாமல் போனால் அதுதான் உங்கள் நிறம். என் கல்யாண ஆல்பத்தில் என் முகம் ஒருத்தியுடையது, கழுத்து இன்னொருத்தியுடையது. ஒப்பனைக்காரர் "இரண்டு ஷேட் ஏத்திடறேன்" என்றபோது தலையாட்டியதன் பலன். முன்பு கடைகளில் நம் நிறமே இருக்காது என்பதும் உண்மைதான். 2017-இல் ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒரே நேரத்தில் நாற்பது நிறங்களோடு வந்த பிறகுதான் மற்ற நிறுவனங்களும் அடர்நிறங்கள் பக்கம் திரும்பின. இப்போது கிடைக்கிறது, தேடிக் கேளுங்கள்.

மூன்றாவது, பிரான்சர். வெள்ளைத் தோலுக்கான பிரான்சர் நம் முகத்தில் பவுடராகத்தான் தெரியும். உங்கள் நிறத்தைவிட ஒன்றிரண்டு படி அடர்த்தியாக, உள்ளே சிவப்போ பொன்னோ ஓடுகிற பழுப்பு வேண்டும். குலா மெலாக்கா நிறம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் ஓடினால் முகம் சோர்ந்து தெரியும். வெயில் முதலில் எங்கே படுமோ அங்கே மட்டும்: நெற்றியின் மேல்விளிம்பு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு. அதன்மேல் செங்கல் சிவப்பிலோ ஆரஞ்சிலோ கிரீம் பிளஷ், கன்னத்திலிருந்து மூக்கின் குறுக்காக ஓர் இழுப்பு. டப்பாவில் பார்த்தால் பயமாக இருக்கும் அந்த ஆரஞ்சு, மாநிறத்தில் கரைந்து அப்போதுதான் சிரித்த முகம்போல் நிற்கும். அம்மா சொன்ன சன்கிஸ்ட் ஆரஞ்சு அவ்வளவு தவறில்லை.

நான்காவது, மினுக்கம். வெள்ளி நிற ஹைலைட்டர் வேண்டாம், பொன், செம்பு. நம் ஊர்ப் புழுக்கத்தில் முகம் தானாகவே மின்னும் என்பதால் விரல் நுனியில் எடுத்தது போதும். பவுடரை மூக்கு, நெற்றி, முகவாய் மூன்றோடு நிறுத்துங்கள்.

கூந்தலுக்கு வருவோம். நம் கருங்கூந்தலைச் சாயம் நீக்கினால் முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள் என்ற வரிசையில்தான் வெளுக்கும். மஞ்சள் வரை போனால் முடி நாராகிவிடும். செம்பும் ஆரஞ்சும் சந்திக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். செம்பு, கேரமல், கடுங்காப்பி நிறங்கள் நம் முகத்துக்கு எடுப்பு. முகத்தை ஒட்டிய சில கற்றைகளும் நுனியும் போதும். அங்கேதான் இயற்கையாகவே வெயில் படும். மருதாணி போட்ட தலை என்றால் சலூனில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொட்டலத்து மருதாணியில் உலோக உப்பு கலந்திருந்தால், சாயம் நீக்கும் மருந்தோடு சேர்ந்து முடியைக் கருக்கிவிடும். கருஞ்சாயத்தில் உள்ள பிபிடி சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் தொட்டு வைத்துப் பாருங்கள். தலைக்குக் குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் வைப்பது மட்டும் எந்த நாகரிகத்திலும் மாறவில்லை. பாட்டியின் குட்டுக்கு அர்த்தம் இருந்தது.

ஜாலான் உத்தாமா, காலை ஏழு மணி

தைப்பூசத்தன்று எங்கள் குடும்பம் வழக்கம்போல் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றது. அம்மாவின் பொறுப்பு மோர். தண்ணீர்மலைக்கு ஏறும் கூட்டம் விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டது. 513 படி ஏறி இறங்கியவர்கள் மோருக்குக் கை நீட்டுவார்கள். பால்குடம் எடுத்தவர்கள், காவடிக்காரர்கள், அவர்களோடு நடக்கும் சொந்தங்கள் எல்லோர் முகத்திலும் மஞ்சள், வியர்வை, திருநீறு. எட்டு மணிக்கு மேல் வெயில் பந்தலின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்தது.

அன்று வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அம்மா என் ஒப்பனைப் பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றார். பல ஆண்டுகளாக அவர் அதைத் தொட்டதில்லை. நானும் எதையும் நீட்டியதில்லை.

"அந்த ஆரஞ்சு வைத்தியம் எனக்கும் கொஞ்சம் செஞ்சு விடு."

டப்பாவைத் திருப்பி எண்ணைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்தை நீட்டினார். சன்ஸ்கிரீன் பூசினேன். விரலில் செங்கல் நிறத்தைத் தொட்டுக் கன்னத்தில் வைத்தபோது என் கை கொஞ்சம் நடுங்கியது. இடது கன்னத்துத் திட்டின் மேல் கன்சீலரை எடுத்துப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும். மோர் குடிக்க வர்ற பிள்ளைங்க கேட்டா, கதை சொல்றதுக்கு வேணும்."

பத்து மணி வாக்கில் ஒரு பள்ளிப் பெண் மோர் வாங்க வந்தாள். பதினைந்து வயது இருக்கும். கையால் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டே நின்றாள். கறுத்துவிடுவேன் என்று தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அவளுக்கு மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "இங்க வா பாப்பா" என்று பந்தலுக்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் அடுத்த வாளியை நிரப்பப் போனேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் அம்மாவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோர் அப்படியே கையில் இருந்தது.